கப்பலோடு போகாத நாலு படங்கள்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். 1943-ல் அவர் போன கப்பல் மத்தியதரைக் கடலில் டார்பிடோ பட்டு மூழ்கியது. தாத்தா பிழைத்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சிகரெட் டப்பாவும் அதற்குள் இருந்த நாலு போட்டோக்களும் பிழைத்தன. காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் அவை இன்றும் இருக்கின்றன. என் தங்கை மகள் அவற்றின் நகல்களைப் பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளாததால் எழுதி வைக்கிறேன்.

காவேரிப்பட்டினம் என்றால் பூம்புகார் பக்கமா?

இல்லை. கடலோரத்தில் இருப்பது காவிரிப்பூம்பட்டினம். எங்களுடையது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர். பெயரில் காவேரியும் உண்டு, பட்டினமும் உண்டு. ஊரில் ஆறும் வேறு, கடலும் கிடையாது. தாத்தா கடலை முதன்முதலில் பார்த்ததே பம்பாயில் கப்பலேற வரிசையில் நின்றபோதுதான். "கே.ஆர்.பி. அணை நிரம்பின மாதிரி இருந்துச்சா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்போது அந்தக் கிருஷ்ணகிரி அணையே கட்டவில்லையடா என்று சிரித்தார்.

மாந்தோப்புக்காரர் கப்பலுக்கு எப்படிப் போனார்?

பெங்களூர் எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பதால். மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையிடம் பெயருக்குத்தான் மெட்ராஸ், இருப்பது பெங்களூரில். 1940-ல் கிருஷ்ணகிரியில் சின்ன ரயிலேறி திருப்பத்தூர் போய், ஜோலார்பேட்டையில் வண்டி மாறி, கன்டோன்மென்டில் இறங்கினார். உடனே படையில் சேர்ந்துவிடவில்லை. ஆறு மாதம் அங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தார். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் சின்ன ரயில் 1905-ல் போட்ட குறும்பாதை. போர் நடக்கும்போதே அதை மூடிவிட்டார்கள். 1946-ல் தாத்தா திரும்பி வந்தபோது திருப்பத்தூரில் இறங்கி, போன வழியே வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால் தண்டவாளமே இல்லை. கப்பல் மூழ்கிய கதையைச் சொல்லும்போது கலங்காதவர், இதைச் சொல்லும்போது மட்டும் கோபப்படுவார்.

படங்கள் எப்படித் தப்பின? தெய்வச் செயலா?

ஆயா, அதாவது எங்கள் பாட்டி, அப்படித்தான் சொல்வாள். தாத்தா கேட்டால் மெழுகு என்பார்.

அந்தக் காலத்தில் ஐம்பது சிகரெட் கொண்ட உருண்டைத் தகர டப்பா சிப்பாய்களிடம் நிறைய புழங்கியது. தாத்தா சிகரெட் குடிப்பவரில்லை, டப்பாவை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். படங்களைச் சுருட்டி உள்ளே வைத்து, மூடியைச் சுற்றித் துணிப்பட்டை ஒட்டி, அதன் மேல் மெழுகு உருக்கி ஊற்றி, ரப்பர் பூசிய தரைவிரிப்பில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டார். வெடிவைக்கும் சாப்பருக்குத் திரி நனையாமல் பார்த்துக்கொள்வது அன்றாட வேலை. அதே கையால் இதையும் செய்தார், அவ்வளவுதான்.

படங்கள் போஸ்ட்கார்டு அளவு, டப்பாவோ கொஞ்சம் குட்டை. அதனால் ஓரங்களைக் கத்தரித்தார். முதல் படத்தில் கொள்ளுப்பாட்டியின் இடது முழங்கை இல்லாததற்கு இதுதான் காரணம். ஓரத்தில் இருந்த ஸ்டூடியோ முத்திரையும் அப்படியே போய்விட்டது.

ராத்திரி முழுக்க மிதவையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தார். விடிந்தபின் காவலுக்கு வந்த கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டது. டப்பாவைத் திறந்தால் உள்ளே கடல்நீர் கொஞ்சம் புகுந்திருந்தது. இரண்டாவது படமும் மூன்றாவது படமும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு மக்கு நல்ல தண்ணீர் கேட்டிருக்கிறார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று ஒரு மாலுமி கொண்டுவந்து கொடுத்தான். தாத்தா அதில் படங்களைப் போட்டதும் அவன் திட்டினானாம். திட்டு இங்கிலீஷில் இருந்ததால் பரவாயில்லை என்பார்.

தண்ணீரிலேயே ஊறவிட்டு, தானாக நழுவும்வரை காத்திருந்து பிரித்தார். அப்புறம் போர்வையின் மேல் முகம் மேலே பார்க்க வைத்து நிழலில் காயவிட்டார். ஸ்டூடியோவில் அந்த ஆறு மாதம் அவர் செய்த வேலையே இதுதான்: கழுவிய படங்களைத் தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைப்பது.

போட்டோவைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடாதா?

"படம் பொறக்கிறதே தண்ணியிலதானே" என்பது தாத்தாவின் பதில். அதில் முழு உண்மையும் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அடியில் காகிதம், மேலே ஜெலட்டின் என்கிற பசைப்படலம், அந்தப் படலத்துக்குள் வெள்ளித் துகள். நாம் உருவமாகப் பார்க்கும் கறுப்பெல்லாம் அந்த வெள்ளிதான். இருட்டறையில் மருந்துகளில் முக்கி எடுத்தபின், மருந்து போகும்வரை ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவார்கள். ஆகவே நல்ல தண்ணீர் அதற்குப் புதிதல்ல. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஜெலட்டின் ஊறினால் உப்பி இளகும். அந்த நிலையில் விரலால் தேய்த்தால் முகமே வழித்துக்கொண்டு வரும். இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே காய்ந்தால், அடுத்து ஊறவைக்கும்போது பிரியும் என்று நிச்சயம் சொல்ல முடியாது. வெந்நீர் பட்டால் படலம் உருகிவிடும். கடல்நீரோடு காயவிட்டால் உப்பு உள்ளேயே தங்கி, மழைக்காலம் வரும்போதெல்லாம் ஈரத்தை இழுக்கும்.

அந்த மக்குத் தண்ணீர் அவ்வளவையும் தடுத்தது.

கடலில் போன படங்கள், கடிதங்கள் வேறெங்காவது மீண்டிருக்கின்றனவா?

மீண்டிருக்கின்றன. நான் அடிக்கடி சொல்லும் கதை ஃபிராங்க் ஹர்லி என்கிற ஆஸ்திரேலியப் புகைப்படக்காரருடையது. ஷாக்கிள்டன் தென்துருவப் பயணம் போன என்டியூரன்ஸ் கப்பலைப் பனி நெரித்து உடைத்தது. கண்ணாடி நெகட்டிவ்கள் பற்றவைத்து மூடிய தகரப் பெட்டிகளில், கப்பலுக்குள் தேங்கிய பனிநீருக்கு அடியில் கிடந்தன. ஹர்லி சட்டையைக் கழற்றிவிட்டு அந்த நீரில் இறங்கி அவற்றை எடுத்தார். ஆனால் பனிமேல் அத்தனை சுமையையும் இழுத்துப் போக முடியாது. ஷாக்கிள்டனும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120 தட்டுகளை வைத்துக்கொண்டு 400-ஐ உடைத்தார்கள். உடைக்காமல் போனால் மனம் மாறித் திரும்பவும் எடுக்கத் தோன்றும் அல்லவா, அதற்காக. கப்பல் 1915 நவம்பர் 21 அன்று மூழ்கியது. 2022-ல்தான் அது 3,008 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

நம் பக்கத்து உதாரணம் கெர்சொப்பா. ஜோக் அருவியின் பழைய பெயரைத் தாங்கிய சரக்குக் கப்பல். 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து தேயிலை, வெள்ளி, தபால் மூட்டைகளோடு இங்கிலாந்துக்குக் கிளம்பி, 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு அப்பால் டார்பிடோவில் போனது. கப்பலில் இருந்தவர்களில் ஒருவர்தான் பிழைத்தார். சுமார் 4,700 மீட்டர் ஆழத்தில் கிடந்த அந்தக் கப்பலிலிருந்து எழுபது வருடம் கழித்து 700-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. தபால் மூட்டைகள் அழுந்திக் கிடந்ததால் அவ்வளவு ஆழத்தில் வெளிச்சமும் ஆக்சிஜனும் உள்ளே புகவில்லை. எங்கள் வீட்டுப் பரணோடு ஒப்பிட்டால் கடலடி எவ்வளவோ மேல். இது கிண்டலில்லை, கீழே படியுங்கள்.

நாலு படங்களிலும் இருப்பது யார்?

முதல் படம் ஆயாவும் கொள்ளுப்பாட்டியும், மடியில் என் பெரியப்பா. பின்னால் வரைந்த திரையில் ஏரியும் அன்னமும். ஆயா கேமராவைப் பார்க்காமல் மாமியாரைப் பார்க்கிறாள். அப்படி உட்காரச் சொன்னது போட்டோக்காரரா மாமியாரா என்பதில் வீட்டில் இன்றுவரை சண்டை.

இரண்டாவது தாத்தா, யூனிஃபார்மில். மூன்றாவது தாத்தாவின் அண்ணனும் ஒரு சைக்கிளும். சைக்கிள் ஸ்டூடியோவுடையது.

நான்காவது படம் எங்களுடையதே அல்ல. இருபது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், நின்றபடி. கையில் ஒரு கைக்குழந்தை. அது அசைந்ததால் முகம் கலங்கியிருக்கிறது. பெண்ணின் முகம் மட்டும் கடல் பட்டும் அத்தனை தெளிவு. கப்பலில் தாத்தாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்த வேறொரு படைப்பிரிவுக்காரரின் மனைவி அவர். தாத்தா மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சிப்பாய் வந்து, "என்னுடையதையும் போட்டு வைங்க, இறங்கினதும் வாங்கிக்கிறேன்" என்றாராம்.

அவர் இறங்கவில்லை.

அந்தப் பெண்ணைத் தேடவில்லையா?

தேடாமல் என்ன. அந்தச் சிப்பாயைக் கப்பலில் எல்லோரும் "ஆத்தூரான்" என்று கூப்பிட்டார்கள். ஒன்பது நாள் பழக்கத்தில் தாத்தாவும் அப்படித்தான் கூப்பிட்டார். படத்தின் பின்புறம் ஊதா மையில் பெயர் எழுதியிருந்தது. மை கரைந்து "ம்மாள்" மட்டும் மிஞ்சியது. தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறைப் பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் முடியும்.

1947-ல் தாத்தா படத்தை எடுத்துக்கொண்டு சேலம் ஆத்தூருக்குப் போனார். நாலு நாள் தெருத்தெருவாகக் காட்டினார். யாருக்கும் தெரியவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு ஆத்தூர் இருப்பது அங்கேதான் ஒருவர் சொல்லித் தெரிந்தது. அறுவடை முடிந்ததும் அங்கேயும் போனார். தூத்துக்குடிப் பக்கமும் ஒரு ஆத்தூர் உண்டு. அதற்குப் போவதற்குள் ஆயா பேச ஆரம்பித்துவிட்டாள். "போய் என்னன்னு சொல்வ? செய்தி ஏற்கெனவே வந்திருக்கும். தாலியறுத்த பொண்ணு வீட்டு வாசல்ல போட்டோவோட நின்னு இன்னொரு தடவ அழ வைக்கப் போறியா?" தாத்தா நிறுத்திக்கொண்டார். ஆயா சொன்னது சரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்து மற்ற மூன்றோடு சேர்த்துச் சுவரில் மாட்டியவளும் அவள்தான். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் எங்கள் பெரியவர்களுக்குப் பொட்டு வைக்கும்போது அந்தப் பெண்ணுக்கும் வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவரைக் "கப்பல் அத்தை" என்றே சொல்லி வளர்ந்தோம். என் தங்கைக்குப் பத்து வயது வரை அவர் சொந்த அத்தை இல்லை என்பதே தெரியாது.

இரண்டாவது படத்தில் தாத்தாவின் முகம் ஏன் மஞ்சளாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது? கடல்நீரா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடல் செய்த சேதம் மொத்தம் இவ்வளவுதான்: இரண்டு படங்களில் நகக்கண் அளவு உரிசல், ஒரு பெயர் போனது. மீதியெல்லாம் காவேரிப்பட்டினத்தில் நாங்களே செய்தது.

தாத்தா சுருண்ட படங்களை அப்படியே டப்பாவில் வைத்திருந்தார். பெரியப்பா ஒரு நாள் நிமிர்த்தப் போய், காய்ந்த ஜெலட்டின் குறுக்கே விரிசல் விட்டது. அந்த விரிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினார்கள். டேப் உதிர்ந்து அதன் பசை மஞ்சளாகத் தங்கிவிட்டது. நீங்கள் பார்க்கும் திட்டு அதுதான். அடுத்து ஃபிரேம். படம் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் அட்டைச் சட்டம் வைக்க வேண்டும். வைக்காததால் ஒரு ஐப்பசி மழைக்கு மூன்றாவது படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் அப்படியே இருக்கிறது, பிரிக்க எனக்குத் தைரியமில்லை. வீடு இடித்துக் கட்டியபோது எல்லாம் பரணுக்குப் போயின. ஓட்டு வீட்டுப் பரணில் சித்திரை மாத வெக்கையை நினைத்துப் பாருங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டின் என்றால் பாயசம். கொள்ளுப்பாட்டியின் சேலைக்கரையைத் தின்றுவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே, என் சித்தப்பா நல்ல மனதோடு முதல் படத்தை ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் படத்தைக் கெடுக்காமல் எடுக்க வழியில்லை. டார்பிடோவுக்குத் தப்பிய படம் அது.

எங்கள் வீட்டு ஆல்பம் வெள்ளத்தில் நனைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அப்போதிருந்து இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

முதலில், காய விடாதீர்கள். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் ஒட்டிக்கொண்ட நிலையில் காய்வதுதான் கேடு. ஆல்பத்திலிருந்து ஈரமாக இருக்கும்போதே படங்களை எடுத்து, ஒரு தாம்பாளத்தில் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் ஊற்றி, சேறு போகும்வரை அலசுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். முகத்தைத் தேய்க்க வேண்டாம், ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஒட்டியவை தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிரியட்டும். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் முகம் மேலே பார்க்க நிழலில் வையுங்கள். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். சுருண்டு காய்ந்தால் கவலைப்படாதீர்கள், அதைப் பின்னால் சரிசெய்யலாம்.

நனைந்து இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்து கை போதவில்லை என்றால், ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, பையில் போட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஆற அமர ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து பொறுக்கிய லட்சக்கணக்கான குடும்பப் படங்களை இப்படிப் பொறுமையாகக் கழுவித்தான் மீட்டார்கள்.

இரண்டு விதிவிலக்குகள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்களைத் தண்ணீரில் போடாதீர்கள், பல மைகள் கரைந்துவிடும். கண்ணாடியிலோ தகட்டிலோ எடுத்த 19-ஆம் நூற்றாண்டுப் படம் இருந்தால் தொடாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே பழம்பொருள் பாதுகாப்புக்கென ஆய்வகம் இருக்கிறது.

கப்பல் அத்தையின் படத்தை ஏஐ போட்டுக் கலராக்கித் தரட்டுமா?

அன்புக்கு நன்றி, வேண்டாம். ஒரு தம்பி கேட்காமலே செய்து அனுப்பினார். அழகான பெண்தான், ஆனால் அது அத்தை இல்லை. மூக்குத்தி இடம் மாறியிருந்தது. கலங்கிய குழந்தை முகத்துக்குப் பதில் செயலி தானாக ஒரு முகம் வரைந்திருந்தது. யாராவது ஒருநாள் அந்த முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கும்போது, இல்லாத முகத்தை எப்படிக் காட்டுவது? 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, உரிசலும் கறையுமாக அப்படியே மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்.

இவற்றுக்கு என்ன விலை வரும்?

மூழ்கிய கப்பல் என்றாலே புதையல் நினைப்பு வருகிறது. 1942 நவம்பர் 23 அன்று பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா போன திலாவா கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்து 280 பேர் இறந்தார்கள். அதிலிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் கட்டிகளை 2017-ல் எடுத்தார்கள். யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024-ல்தான் முடிந்தது. எங்கள் படங்களிலும் வெள்ளி இருக்கிறது, ஒரு சிட்டிகைகூடத் தேறாது.

எங்கள் தாத்தாவும் போருக்குப் போனவர். விவரம் எங்கே கிடைக்கும்?

அவர் இருந்த படைப்பிரிவின் ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். படை எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓய்வூதியப் புத்தகம், பதக்கத்தின் விளிம்பு, பழைய கடிதங்களின் மேல் தேடுங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஊர் பெயரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தர்மபுரி மாவட்டம் 1965-லும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-லும்தான் வந்தன, எனவே அந்தத் தாள்களில் நம் ஊரெல்லாம் "சேலம் ஜில்லா". நான் அந்தப் பட்டியலில் ஆத்தூரைத் தேடி எத்தனையோ ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். பட்டப்பெயரை வைத்துத் தேட அதில் இடமில்லை.

நேரில் வந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஏப்ரல் முதல் ஜூலை வரை வேண்டாம், மாங்காய் சீசனில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். ஆடிப்பெருக்கு முடிந்து வாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆத்தூர்க்காரர்கள் எந்த மாதமும் வரலாம். எந்த ஆத்தூராக இருந்தாலும் சரி.